சிறுவாட்டுப் பணமும் போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கும்

கேள்வி: எனக்கு 43 வயது. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன். கணவர் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறார். 2016-ல் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது என்னிடம் இருந்த 46,000 ரூபாயைக் கணவரிடம் கொடுத்து மாற்றச் சொன்னேன். அது கடைச் சரக்காகப் போய்விட்டது, என் கைக்குத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு சேர்த்த 1,80,000 ரூபாய் இப்போது அரிசி டிரம்மில் இருக்கிறது. எல்லாமே 500 ரூபாய் நோட்டு. 500-ம் செல்லாமல் போகப் போகிறது என்று போனில் ஓயாமல் செய்தி வருகிறது. போஸ்ட் ஆபீஸில் போடு என்கிறார் ஓரகத்தி. ஆனால் 2016-ல் அவரே தன் பணத்தை எடுக்க மூன்று நாள் அலைந்தார். போட்டால் வருமான வரிக்காரர்கள் கேட்பார்களா? கணவருக்குத் தெரியாமல் கணக்குத் தொடங்க முடியுமா? மகளுக்கு 8 வயது. இன்னொன்று, மாமியாரின் டிரங்குப் பெட்டியில் போன மாதம் பழைய 500 ரூபாய் நோட்டு மூன்று கிடைத்தது. அதை வைத்திருந்தால் குற்றமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்)

பதில்:

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 46,000 ரூபாய்தான். 2016-ல் நிறைய வீடுகளில் இதுதான் நடந்தது. கடுகு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் இருந்த சிறுவாடு ஒரே ராத்திரியில் கூடத்துக்கு வந்தது. நோட்டு மாறியது, கூடவே பணம் யாருடையது என்பதும் மாறிப்போனது. அதனால் உங்களுக்கு நோட்டுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும், அந்தப் பணம் உங்களுடையதாகவே இருக்க இன்னொரு பாதுகாப்பும் வேண்டும். போஸ்ட் ஆபீஸ் இரண்டுக்கும் உதவும். ஆனால் உங்கள் ஓரகத்தி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் வதந்தி. 2026 மார்ச்சோடு 500 ரூபாய் நோட்டு நிற்கப் போகிறது என்று 2025-ல் ஒரு செய்தி சுற்றியது. அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் பதில் சொன்னது. வதந்திக்கு வேர் எது என்றால், ஏ.டி.எம்.களில் 100, 200 ரூபாய் நோட்டும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்குச் சொன்னது. 75 சதவீத ஏ.டி.எம்.களில் செப்டம்பருக்குள், 90 சதவீதத்தில் 2026 மார்ச்சுக்குள் என்று கெடு. அந்த மார்ச்சைப் பிடித்துக்கொண்டு யாரோ கதை கட்டிவிட்டார்கள்.

அதற்காக 500 ரூபாய் நோட்டை ஒருநாளும் தொடமாட்டார்கள் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். 2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்கு நிறுத்திய 500, 1000 நோட்டுகள் அன்று புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம். 2025 மார்ச் கணக்குப்படி 500 மட்டுமே மதிப்பில் 86 சதவீதம். இவ்வளவு பெரிய பங்கை எடுத்தால் நாடு தாங்காது என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லலாம். ஒரு முறை எடுத்துத்தானே காட்டினார்கள்!

ஆனால் எல்லா வாபஸும் ஒரே மாதிரி இல்லை. இது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். 'செல்லாது' என்பது ஒன்று, 'திரும்பப் பெறுகிறோம்' என்பது வேறு. 1946 ஜனவரியில் 500, 1000, 10000 ரூபாய் நோட்டுகளும், 1978 ஜனவரியில் 1000, 5000, 10000 ரூபாய் நோட்டுகளும் செல்லாமல் போயின. அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பானைகளில் ஆயிரம் ரூபாய் நோட்டு எங்கே இருந்தது? அதனால் சாதாரணக் குடும்பங்களை அது பெரிதாகத் தொடவில்லை. 2016 அப்படியில்லை, அது நேராக அடுப்படிக்கே வந்தது. நடுவில் 2014-ல் நடந்தது பலருக்கு ஞாபகமே இருக்காது. 2005-க்கு முன் அச்சிட்ட நோட்டுகளை ரிசர்வ் வங்கி திரும்பப் பெற்றது. பின்பக்கம் கீழே வருடம் அச்சாகாத நோட்டுகள் அவை. அவை செல்லும், ஆனால் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். சத்தமில்லாமல் முடிந்தது. 2023 மே 19 அன்று 2000 ரூபாய் நோட்டுக்குச் சொன்னதும் இதே வகைதான். ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை மாற்றலாம் என்றார்கள், செப்டம்பர் 30 என்ற கெடு அக்டோபர் 7 வரை நீண்டது. கெடு முடிந்த பிறகும் அந்த நோட்டு சட்டப்படி செல்லும். அப்படி மிச்சம் வைத்திருந்தவர்கள் அதைத் தபாலில் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு அனுப்பித் தங்கள் வங்கிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள். ஆனால் நோட்டை நேரடியாக மாற்றித் தரும் வேலையை 2023-ல் வங்கிகளிடமும் ரிசர்வ் வங்கி அலுவலகங்களிடமும்தான் கொடுத்தார்கள். 2016-ல் அந்த வரிசை போஸ்ட் ஆபீஸிலும் நின்றது.

ஆக, அடுத்த முறை எது வந்தாலும் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டித் தெரியாது. நிற்கவே தேவையில்லாதவர்கள், ஏற்கனவே கணக்கில் போட்டு வைத்தவர்கள் மட்டும்தான். 2016-ல் பாஸ்புக்கில் இருந்த ஒரு ரூபாய்கூடச் செல்லாமல் போகவில்லை. செல்லாமல் போவது காகிதம்தான். பாஸ்புக்கில் இருப்பது அரசு உங்களுக்குத் தர வேண்டிய கடன். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு, அஞ்சலகச் சேமிப்புக்கு முழுத் தொகைக்கும் மத்திய அரசே பொறுப்பு.

சரி, இப்போது ஓரகத்தியின் கதை. கணக்கில் பணம் பத்திரமாக இருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் கைக்கு வருவது வேறு. 2016 நவம்பரில் பணம் இல்லாமல் போனது கணக்கில் இல்லை, கவுன்டரில். போஸ்ட் ஆபீஸ் சொந்தமாக நோட்டுக் கிடங்கு வைத்திருக்கும் இடம் இல்லை. வங்கியிலிருந்து வந்தால்தான் அங்கே ரொக்கம். வங்கிக்கே வராதபோது ஊர்க் கடைசியில் இருக்கும் கிளை அஞ்சலகத்துக்கு என்ன வரும்? வாரத்துக்கு 24,000 எடுக்கலாம் என்று பேப்பரில் போட்டிருந்தாலும், இரண்டாயிரம்தான் இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்ட நாட்கள் உண்டு. அந்த உச்சவரம்பு முழுசாக நீங்க 2017 மார்ச் 13 ஆனது. நான்கு மாதம்!

விதிகளும் வாரத்துக்கு ஒன்றாக மாறின. மாற்றும் தொகை 4,000 என்றார்கள், 4,500 என்றார்கள், பிறகு 2,000 ஆனது. நவம்பர் 24-க்குப் பிறகு நோட்டு மாற்றுவதே நின்றது. வரிசையில் திரும்பத் திரும்ப வருபவர்களைக் கண்டுபிடிக்க விரலில் மை வைக்கிறோம் என்றார்கள். மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று நவம்பர் 14-ல் தடை வந்தது. சொசைட்டியையே நம்பியிருந்த கிராமத்துக்காரர்கள் அத்தனை பேரும் வங்கிக்கும் போஸ்ட் ஆபீஸுக்கும் ஓடினார்கள். டிசம்பர் 19-ல், 5,000 ரூபாய்க்கு மேல் போட்டால் ஏன் இத்தனை நாள் போடவில்லை என்று விளக்கம் தர வேண்டும் என்றார்கள், இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

அஞ்சலகச் சேமிப்பாளர்களுக்கு இதில் முக்கியமானது நவம்பர் 23. அன்று முதல் சிறுசேமிப்புத் திட்டங்களில் பழைய நோட்டு வாங்கக் கூடாது என்று உத்தரவு. சாதாரண சேமிப்புக் கணக்கில் போடலாம், மாதா மாதம் கட்டும் ஆர்.டி.யிலோ பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் திட்டத்திலோ போட முடியாது. பழைய நோட்டை எடுத்துக்கொண்டு மகள் பெயரில் மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று போனவர்கள் அப்படியே திரும்பி வந்தார்கள். ஆனால் கவுன்டரில் சேமிப்புக் கணக்கு இருந்தவர்களுக்கு ஒரு வழி இருந்தது. நோட்டை அதில் போட்டு, அங்கிருந்து மற்றதற்கு மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கு தனியாக இருக்கட்டும் என்று. 500 ரூபாய் போட்டால் திறந்துவிடலாம். வட்டி 4 சதவீதம்தான், வட்டிக்காக அதைத் திறக்கச் சொல்லவில்லை.

உங்கள் 1,80,000-ஐ நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். 20,000 ரூபாய் வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் 500-ஆக வேண்டாம், 100, 200 ரூபாய் நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். 2016-ல் சில்லறை வைத்திருந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை, ஆயிரமாக வைத்திருந்தவர்கள் பால்காரரிடம் கடன் சொன்னார்கள். எல்லாப் பணத்தையும் கொண்டு போய்க் கட்டிவிடுங்கள் என்று சொல்லும் ஆலோசகர்களை எனக்குப் பிடிக்காது. வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வைப்பது அறியாமை இல்லை. அந்த நாலு மாதத்தைப் பார்த்தவர்கள் வைக்கத்தான் செய்வார்கள்.

அடுத்து 50,000 சேமிப்புக் கணக்கில். ஏ.டி.எம். கார்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கை உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளை அஞ்சலகத்தில் திறப்பதைவிட, நடக்கிற தூரம்தான் என்றால் துணை அஞ்சலகத்திலோ தலைமை அஞ்சலகத்திலோ திறப்பது நல்லது. கிளை அஞ்சலகத்தில் ஒரு நாளில் எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு, ரொக்கத் தட்டுப்பாடும் முதலில் அங்கேதான் தெரியும்.

60,000 ரூபாயை ஒரு வருட டைம் டெபாசிட்டில் போடலாம். ஆறு மாதம் ஆகும்வரை அதைத் தொட முடியாது. ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் நடுவில் எடுத்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும், அசல் குறையாது.

மீதி 50,000 மகளுக்கு. எட்டு வயது என்கிறீர்கள். செல்வமகள் கணக்கைப் பத்து வயது முடிவதற்குள் திறக்க வேண்டும், அதனால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காப்பாளராக நீங்களே கையெழுத்துப் போடலாம், அப்பாதான் போட வேண்டும் என்று இல்லை. 2024 ஜனவரியில் இதன் வட்டியை 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிதி அமைச்சகம் அறிவிக்கும் என்பதால் போகும் அன்று விசாரித்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் கட்ட வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய். மகளுக்கு 18 ஆகும்போதோ பத்தாம் வகுப்பு முடிந்த பிறகோ படிப்புக்காகப் பாதிவரை எடுக்கலாம். நடுவில் ஆத்திர அவசரத்துக்கு இந்தப் பணத்தை நம்பக் கூடாது. உங்கள் விஷயத்தில் அது நல்லதுதான் என்பேன், கடைச் சரக்கு வாங்க இதை யாரும் எடுக்க முடியாது.

இனிமேல் தையலில் வருவதை டிரம்மில் போடாமல் மாதா மாதம் ஆர்.டி.யில் போடுங்கள். நூறு ரூபாயிலிருந்து தொடங்கலாம். வீட்டுக்கு வந்து வாங்கிப் போகும் மகளிர் ஏஜென்ட் உங்கள் தெருவிலும் இருப்பார். பெரும்பாலானவர்கள் நம்பகமானவர்கள். ஆனாலும் பணம் கொடுத்த உடனே அவர் வைத்திருக்கும் அட்டையில் தொகை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அந்த அட்டை உங்களிடம் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாஸ்புக்கை வாங்கி, அட்டையில் உள்ளதும் பாஸ்புக்கில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் நாலு வருடம் பார்க்காமல் இருந்து, கடைசியில் பதினோரு மாதத் தவணை காணாமல் போயிருந்தது. பழைய பழக்கம், கேட்கத் தயங்கினேன் என்றார்.

வருமான வரி பற்றி. 2016-ல்கூட, நவம்பர் 9 முதல் டிசம்பர் 30 வரை இல்லத்தரசிகள் போட்ட பணம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் தோண்டிக் கேட்க வேண்டாம் என்பதே துறையின் நிலை. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 5 லட்சம். ஒரு இல்லத்தரசி 2.5 லட்சத்துக்குள் போட்ட பணத்தை வருமானமாகக் கொள்ள முடியாது என்று வருமான வரித் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு 2021-ல் சொன்னது. நோட்டீஸ் வந்தது, மேல்முறையீடு போனது, கடைசியில் தீர்ப்பு சாதகமானது. அதுவரை அந்த அம்மாவின் தூக்கம் போனதற்குக் கணக்கு இல்லை. எந்த நெருக்கடியும் இல்லாத காலத்தில் போட்டால் இந்த வம்பே கிடையாது. கேள்வி கேட்பது தொகையைப் பார்த்து மட்டும் இல்லை, போட்ட தேதியைப் பார்த்தும்தான்.

உங்களிடம் பான் கார்டு இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். ஆதாரை வைத்து வருமான வரித் துறையின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். கணக்கில் இருப்பு 50,000-ஐத் தாண்டினால் பான் தர வேண்டும் என்பது 2023-ல் வந்த சிறுசேமிப்பு விதி. பான் இருந்தால் வரி கட்ட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. பான் கேட்கிறார்களே என்று 49,000, 49,000-ஆகப் பிரித்துப் போடச் சொல்லும் சாமர்த்தியசாலிகள் இருப்பார்கள், காதில் வாங்காதீர்கள். அதற்குப் பதில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, யாருக்கு எத்தனை பிளவுஸ், எவ்வளவு கூலி என்று எழுதி வையுங்கள். என்றாவது யாராவது கேட்டால் அதுவே பதில். அப்புறம், இன்னொரு நோட்டு வாபஸ் வரும் நாளில் சொந்தக்காரர் யாராவது வந்து உன் கணக்கில் இதைப் போட்டுக் கொடு, கமிஷன் தருகிறேன் என்பார். முடியாது என்று சொல்லிவிடுங்கள். அடுத்தவர் பணத்தை உங்கள் பெயரில் வைத்தால் பினாமி சட்டம் உங்களைத்தான் தேடி வரும்.

கணவருக்குத் தெரியாமல் கணக்கு. முடியும். உங்கள் பெயரில் மட்டும் தனிக் கணக்கு திறக்க உங்கள் ஆதாரும் பானும் போட்டோவும் போதும், கணவர் கையெழுத்து யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் கேட்டவர் தெரியாமல் கேட்கிறார். ரகசியம் உடைவது பெரும்பாலும் போனில். குறுஞ்செய்தி உங்கள் எண்ணுக்குத்தான் வர வேண்டும், கடை எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். தபால்காரர் மெஷினோடு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. வயதானவர்களுக்கு அருமையான வசதி. ஆனால் வாசலில் நின்று கைரேகை வைத்தால் தெருவுக்கே தெரியும், உங்களுக்கு அது வேண்டாம்.

சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். நாமினி மட்டும் கட்டாயம் போடுங்கள், பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ சொல்லி வையுங்கள். மூன்று நிதியாண்டு எந்த வரவும் செலவும் இல்லாத சேமிப்புக் கணக்கைத் தூங்கும் கணக்காக்கிவிடுவார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது நூறு ரூபாய் போடுங்கள்.

எப்போது போகலாம் என்றால், மாதத்தின் 15-ம் தேதியையும் கடைசி நாட்களையும் தவிருங்கள். ஆர்.டி. கெடு அன்றுதான், ஏஜென்ட்கள் கட்டுக் கட்டாகப் பாஸ்புக்கோடு கவுன்டரை அடைத்து நிற்பார்கள். ஐந்தாம் தேதிக்கு மேல் ஒரு புதன், வியாழன் காலையில் போங்கள். போவதற்கு முந்தின நாள் டிரம்மிலிருந்து நோட்டுகளை எடுத்து விரித்து வையுங்கள். பூச்சி அரித்தது, ஓரம் கிழிந்தது, ஈரத்தில் ஒட்டியது எல்லாவற்றையும் தனியாக எடுத்து ஒரு வங்கிக் கிளையில் மாற்றிக்கொண்டு, நல்ல நோட்டை மட்டும் கவுன்டருக்குக் கொண்டு போனால் சீக்கிரம் வேலை முடியும்.

மாமியாரின் மூன்று நோட்டு விஷயம். 2017-ல் வந்த சட்டப்படி பழைய 500, 1000 நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் குற்றம். அபராதம் 10,000 ரூபாய் அல்லது நோட்டு மதிப்பைப் போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. மூன்று நோட்டுக்கு ஒன்றும் இல்லை. மாற்றித் தருகிறேன் என்று கமிஷன் கேட்டு யாராவது வந்தால் ஏமாற்று வேலை, கதவைச் சாத்துங்கள். மாமியாருக்கு அது பணமாகவே தெரிகிறது என்றால், டிரங்குப் பெட்டியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.